இளமை மாத்திரைக்குள் இருக்கும் பழைய வைட்டமின்

1916-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் சில மாவு உருண்டைகளை விழுங்கினார். கோதுமை மாவோடு சேர்த்துப் பிசைந்திருந்தது என்ன தெரியுமா? பெலக்ரா நோயாளிகளின் உடம்பிலிருந்து உரிந்த தோல் செதில், அவர்களுடைய சிறுநீர், மலம். அதோடு விடவில்லை. நோயாளியின் ரத்தத்தை ஊசியில் எடுத்துத் தனக்கும் சக மருத்துவர்களுக்கும் ஏற்றினார். மூக்குச் சளியை எடுத்துத் தங்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடவிக்கொண்டார்கள். அவர் மனைவி மேரியும் ஓர் ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் பெலக்ரா வரவில்லை. கோல்ட்பெர்கருக்கு வேண்டியதும் அதுதான். 'இது தொற்றுநோய்' என்று ஊரே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 'இல்லை, சாப்பாட்டில்தான் கோளாறு' என்று நிரூபிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தச் சாப்பாட்டில் இல்லாமல் போனது பிற்பாடு வைட்டமின் பி3 என்று பெயர் பெற்றது. இன்று 'வயதாவதைத் தள்ளிப்போடும்', 'செல்களுக்கு இளமை திரும்பும்' என்ற வாசகங்களோடு இணையக் கடைகளில் விற்கிற என்.எம்.என்., என்.ஆர். மாத்திரைகள் அதே வைட்டமினின் உறவுக்காரர்கள். ஒரு காலத்தில் ஏழையின் உயிரைக் காத்த பொருள், இப்போது வசதியுள்ளவரின் ஆயுளை நீட்டுவதாகச் சொல்லி வந்து நிற்கிறது. முதல் வேலையை அது செய்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது வேலையைச் செய்யுமா என்பதுதான் கேள்வி.

பெலக்ரா எப்படிப்பட்ட நோய் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெயில் படும் இடங்களில் தோல் முதலில் சிவக்கும், பிறகு கறுத்துத் தடித்து வெடிக்கும். புறங்கையில் கையுறை போட்டதுபோல், கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்டதுபோல் திட்டமான எல்லையோடு நிற்கும். 1735-லேயே ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் இதைக் கவனித்தவர் காஸ்பர் கஸால் என்ற மருத்துவர். அந்தக் கழுத்துத் தழும்பை மருத்துவ நூல்கள் இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றன. தோலுக்குப் பிறகு வயிறு. நாக்கு செக்கச்செவேல் என்று வெந்து போகும், வயிற்றுப்போக்கு நிற்காது. அதற்கும் பிறகு புத்தி பேதலிக்கும். பலர் மனநல விடுதிகளில் வந்து சேர்ந்தார்கள். கவனிக்காமல் விட்டால் மரணம். இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் பேரை இது தாக்கி, 1 லட்சம் பேரைக் கொன்றிருக்கும் என்பது கணிப்பு.

கோல்ட்பெர்கர் 1914-ல் தென் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டபோது அநாதை இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. அங்கே தங்கியிருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வருவதில்லை. தொற்றுநோய்க்கு இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது? இரண்டு கூட்டமும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தது, தட்டுதான் வேறு. ஏழைகள் தின்றது மக்காச்சோளக் களி, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. அடுத்த ஆண்டே மிஸிஸிப்பி சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்ததன்பேரில், ஆரோக்கியமான கைதிகள் சிலருக்கு அதே சாப்பாட்டை மாதக்கணக்கில் கொடுத்தார். கடைசிவரை நின்ற 11 பேரில் 6 பேருக்குத் தோல் வெடித்தது. இன்றைய ஒழுக்க விதிகள் இந்தச் சோதனையை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பல மருத்துவர்கள் நம்பவில்லை. அதனால்தான் அந்த மாவு உருண்டைகள். கோல்ட்பெர்கர் 1929-ல் இறந்தார். மலிவான ஈஸ்ட் பெலக்ராவைத் தடுக்கும் என்பது வரை கண்டுபிடித்துவிட்டார், ஈஸ்டுக்குள் இருப்பது என்ன என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். 1937-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வேஜம் கல்லீரல் சாற்றிலிருந்து நிகோட்டினமைடைப் பிரித்தெடுத்து, பெலக்ராவை ஒத்த 'கருநாக்கு' நோயில் கிடந்த நாய்களுக்குக் கொடுத்தார். நாய்கள் எழுந்து நடமாடின. நிகோட்டினமைடும் அதன் அண்ணன் நிகோட்டினிக் அமிலமும் சேர்ந்ததுதான் வைட்டமின் பி3. வேடிக்கை என்னவென்றால், நிகோட்டினிக் அமிலம் எழுபது ஆண்டுகளாக வேதியியலாளர்களின் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. புகையிலையின் நிகோட்டினை ஆக்ஸிஜனேற்றம் செய்து 1867-லேயே தயாரித்துவிட்டார்கள். பெரிபெரிக்கு மருந்து தேடி அரிசித் தவிட்டைக் கிளறிய காஸிமிர் ஃபங்க்கின் கையிலும் அது அகப்பட்டது. பெரிபெரியைக் குணமாக்கவில்லை என்று ஓரமாக வைத்துவிட்டார்.

இந்தக் கதையில் சேலத்துக்காரர் ஒருவரும் இருக்கிறார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன், குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த காலத்தில் அங்கே பணியாற்றியவர், பிறகு அதன் இயக்குநர். தக்காணத்தின் ஏழைகளிடம் அவர் கண்ட பெலக்ரா ஒரு புதிர். அவர்கள் மக்காச்சோளம் தின்பவர்களல்ல, நம் கொங்கு வட்டாரத்தில் சோறாக ஆக்கித் தின்ற அதே சாதாரணச் சோளம்தான் அவர்களுக்கும் உணவு. மக்காச்சோளத்தில் பி3 இறுகப் பிணைந்து கிடக்கும், குடலுக்கு எடுபடாது. மெக்சிகோக்காரர்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அதை அவிழ்த்துவிடுவார்கள்; தானியத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் சமையல் முறையை விட்டுவிட்டுப் போனார்கள். சாதாரணச் சோளத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு அவ்வளவாகப் பொருந்தாது. பிறகு ஏன் நோய்? டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே கொஞ்சம் பி3 தயாரித்துக்கொள்ளும். சோளத்தில் மிதமிஞ்சி இருக்கும் லூசின் என்ற இன்னோர் அமினோ அமிலம் அந்த வழியைக் கெடுக்கிறது என்று 1960-ல் கோபாலனும் ஸ்ரீகண்டையாவும் லான்செட் இதழில் எழுதினார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு என்று சொல்ல முடியாது, பின்னாளில் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. ஆனாலும் சத்து என்பது தட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு மட்டுமில்லை, கூட வந்த சத்து என்ன செய்கிறது என்பதும்தான் என்று அது காட்டியது. மாத்திரை டப்பாவைத் திருப்பி மில்லிகிராம் பார்ப்பவர்களுக்கு இது உறைக்க வேண்டிய விஷயம்.

சரி, இந்த பி3 உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது? அதற்கு 1906-ம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும். ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்டைப் பிழிந்து சாறெடுத்து அது சர்க்கரையை நொதிக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாற்றை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார்கள். மேலே தங்கிய பகுதிக்குத் தனியாக நொதிக்கும் சக்தியில்லை, கீழே வடிந்த நீருக்கும் இல்லை. இரண்டையும் மறுபடி கலந்தால் நுரைக்கிறது. வடிந்த நீரைக் கொதிக்க வைத்துக் கலந்தாலும் நுரைக்கிறது! நொதி எனப்படும் புரதம் கொதித்தால் செத்துப்போகும்; இது சாகவில்லை. அப்படியானால் நொதிக்குத் துணையாக, சூடு தாங்குகிற, சின்னஞ்சிறு மூலக்கூறு ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்குள் அடங்கியிருந்த முக்கியப் பொருளைத்தான் இன்று என்.ஏ.டி. என்கிறோம். ஹார்டனும், அதன் அமைப்பைத் துலக்கிய ஹான்ஸ் ஃபான் ஆய்லரும் 1929-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள், கோல்ட்பெர்கர் இறந்த அதே ஆண்டில். ஈஸ்டில் ஒருவர் தேடிய மருந்தும் இன்னொருவர் தேடிய நொதித் துணையும் ஒரே வளையத்தைச் சுற்றியவை என்பது அன்று அவர்கள் யாருக்கும் தெரியாது. 1930-களின் நடுவில் ஓட்டோ வார்பர்க்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்: என்.ஏ.டி.யின் வேலை செய்யும் முனையில் உட்கார்ந்திருப்பது நிகோட்டினமைடு.

ஆறு மூலை கொண்ட வளையம் அது. சாப்பிட்ட சர்க்கரையும் கொழுப்பும் உடைபடும்போது ஒரு ஹைட்ரஜனும் இரண்டு எலக்ட்ரானும் சேர்ந்து அந்த வளையத்தின் ஒரு மூலையில் ஏறிக்கொள்ளும். என்.ஏ.டி. அவற்றை மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும், அடுத்த சவாரிக்கு. ஷேர் ஆட்டோ போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்டோ நாள் முழுக்க ஓடும், தேய்மானமில்லை. இறங்கிய எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்ஸிஜனைப் போய்ச் சேரும். நாம் மூச்சு விடுவதே அதற்காகத்தான். பி3 இல்லாவிட்டால் ஆட்டோவே இல்லை. வேகமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய தோல், குடல், ஓயாமல் சக்தி கேட்கும் மூளை ஆகியவை முதலில் நின்றுபோவதில் ஆச்சரியமென்ன?

இதுவரை 1930-களின் பாடம். 2000-ம் ஆண்டில் இதற்கு இன்னோர் அத்தியாயம் சேர்ந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெனர்ட் குவாரண்ட்டியின் ஆய்வுக்கூடத்தில் ஷின்-இச்சிரோ இமாய் முதலானோர், ஈஸ்டின் 'சர்2' என்ற புரதம் என்.ஏ.டி. இருந்தால்தான் இயங்குகிறது என்று கண்டார்கள். இந்தப் புரதம் அதிகமாக இருந்தால் ஈஸ்ட் செல் கூடுதல் முறை பிரிகிறது, அதாவது அதற்கு ஆயுள் கூடுகிறது என்று அதே கூடம் முந்தைய ஆண்டு சொல்லியிருந்தது. நமக்கும் அதன் உறவுகள் ஏழு உண்டு, சர்டுயின்கள் என்று பெயர். இவை என்.ஏ.டி.யில் சவாரி செய்வதில்லை; அதை உடைத்தே வேலை செய்கின்றன. உடைத்தால் நிகோட்டினமைடு தனியாக விழும். டி.என்.ஏ. கிழிந்தால் ஓடிவந்து ஒட்டுப்போடும் பார்ப் நொதிகளும் இப்படித்தான், நோய் எதிர்ப்பு செல்களில் இருக்கும் சி.டி.38-ம் இப்படித்தான். இந்தக் கடைசிப் பேர்வழி வயதான எலிகளில் எண்ணிக்கை கூடி என்.ஏ.டி.யைக் காலி செய்கிறது என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது.

இங்கேதான் இளமை வியாபாரத்தின் தர்க்கம் பிறக்கிறது. வயதானால் என்.ஏ.டி. குறைகிறது, குறைந்தால் பழுதுபார்க்கும் புரதங்கள் சுணங்குகின்றன, அப்படியானால் என்.ஏ.டி.யை ஏற்றிவிட்டால்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்.ஏ.டி.யையே விழுங்கிப் பயனில்லை, பெரிய மூலக்கூறு, குடலிலேயே சிதைந்துவிடும். அதனால் அதன் மூலப்பொருளைத் தேடினார்கள். 2004-ல் சார்ல்ஸ் பிரென்னரின் குழு, பாலில் இருக்கும் நிகோட்டினமைடு ரைபோசைடு என்ற பொருளிலிருந்தும் செல்கள் என்.ஏ.டி. செய்துகொள்கின்றன என்று கண்டது. அதுதான் என்.ஆர். அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஏறினால் என்.எம்.என். இரண்டும் பி3-யின் வம்சம்தான்.

எலிகளில் கிடைத்த முடிவுகள் ஆசை காட்டின. 2016-ல் சுவிட்சர்லாந்து லோசான் குழு, வயதான எலிகளுக்கு என்.ஆர். கொடுத்தபோது தசை ஸ்டெம் செல்கள் தெம்படைந்ததோடு ஆயுளும் சற்றே கூடியது என்று எழுதியது. ஆனால் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் மூன்று தனித்தனிக் கூடங்களில் ஒரே பொருளைச் சோதித்துப் பார்க்கும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. இந்தத் துறையில் அதைவிடக் கறாரான சோதனை குறைவு. 2021-ல் அது வெளியிட்ட முடிவில் என்.ஆர். ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் ஒரு நாள்கூட ஆயுள் கூட்டியதாகத் தெரியவில்லை. இதற்குப் பத்தாண்டு முன்பே லண்டன் குழுவொன்று புழுவிலும் ஈயிலும் சர்டுயின்கள் ஆயுளைக் கூட்டும் என்ற பழைய முடிவைக் கேள்விக்குள்ளாக்கியிருந்தது.

மனிதர்களிடம்? 2018-ல் கொலராடோவில் நடந்த சோதனையில், தினம் 1,000 மில்லிகிராம் என்.ஆர். ஆறு வாரம் எடுத்த நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும் ரத்த வெள்ளணுக்களில் என்.ஏ.டி. சுமார் 60 சதவீதம் உயர்ந்தது. உயர்வது உண்மை. அதே ஆண்டு டென்மார்க்கில் பருமனான ஆண்களுக்கு அதைப்போல இரு மடங்கு அளவை 12 வாரம் கொடுத்தார்கள். இன்சுலினுக்குக் கட்டுப்படும் தன்மை மேம்படவில்லை. 2021-ல் செயின்ட் லூயிஸில், நீரிழிவின் விளிம்பில் இருந்த, மாதவிடாய் நின்ற 25 பெண்களில் 250 மில்லிகிராம் என்.எம்.என். எடுத்தவர்களுக்குத் தசை இன்சுலினுக்கு 25 சதவீதம் கூடுதலாகச் செவிசாய்த்தது. இதைத்தான் விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. அதே ஆய்வில் உடல் எடையோ, ரத்தச் சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ மாறவில்லை என்பது சின்ன எழுத்தில்கூட வருவதில்லை.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். என்.ஏ.டி. என்ற எண்ணை ஏற்றுவதும் மனிதர் நன்றாக வாழ்வதும் ஒன்றே என்று நடுவில் ஒரு தாவல் நடக்கிறது. வரிசையில் பாதிப் படிகள் காட்டப்படவே இல்லை. விழுங்கிய மூலப்பொருளிலேயே பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே மறித்து, உடைத்து, வெறும் நிகோட்டினமைடாக்கித்தான் ரத்தத்தில் விடுகிறது என்று எலிகளில் 2018-ல் தெரியவந்தது. அது மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதே பழைய பி3. விலையுயர்ந்த மாத்திரையை வாங்கி, கல்லீரலிடம் கொடுத்து, மலிவான மாத்திரையாக மாற்றிக்கொள்கிறோமோ என்ற சந்தேகம் வருவது நியாயம்தானே?

அந்த மலிவான மாத்திரைக்கு ஒரு நல்ல சாட்சியம் உண்டு, அதை யாரும் கூவி விற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்கள் 386 பேரிடம் நடந்த சோதனை. முடிவு 2015-ல் வெளியானது. ஓராண்டு தினமும் இரு வேளை 500 மில்லிகிராம் நிகோட்டினமைடு எடுத்தவர்களுக்கு, மெலனோமா அல்லாத புதிய தோல் புற்றுக்கட்டிகள் 23 சதவீதம் குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றது. வெயிலில் வெளுத்த தோல் கருகும் நாட்டுக்கு இது பெரிய விஷயம். நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்; சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் பிறகு செய்த சோதனையில் பலன் தென்படவுமில்லை.

அளவுக்கு மீறிய பி3-க்கு நீண்ட முன்கதையும் இருக்கிறது. கனடாவின் சாஸ்கட்செவனில் 1955-ல் ருடால்ஃப் அல்ட்ஷூல் குழு, கிராம் கணக்கில் நிகோட்டினிக் அமிலம் கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்குகிறது என்று கண்டது. இறங்கவும் செய்தது. விழுங்கிய அரைமணிக்குள் முகம், கழுத்து, மார்பெல்லாம் குப்பென்று சிவந்து, ஊசி குத்துவதுபோல் எரிந்து அரிக்கும். தோலில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் புராஸ்டாகிளாண்டின் டி2-வைக் கொட்டுவதால் வரும் வெக்கை அது. ஆபத்தில்லை, ஆனால் பலர் மருந்தையே வேண்டாம் என்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு இதயத்துக்காகப் பல பத்தாண்டுகள் விழுங்கினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் வந்த பிறகு, நிகோட்டினிக் அமிலத்தை வைத்து 25,673 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2014-ல் வந்தது: கொலஸ்ட்ரால் எண்கள் அழகாக மாறின, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை, நீரிழிவும் தொற்றுகளும் ரத்தக்கசிவும் கூடின. எண் நன்றாக இருந்தும் ஆளுக்கு நன்மையில்லாத கதையை இந்த வைட்டமின் ஏற்கெனவே ஒருமுறை நமக்குக் காட்டியிருக்கிறது. 2024-ல் கிளீவ்லாண்ட் கிளினிக் குழு இன்னொன்றையும் சேர்த்தது. மிஞ்சிய பி3-யை உடம்பு கழித்துக்கட்டும்போது உருவாகும் 4பிஒய் என்ற பொருள் ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. எலிகளில் அது ரத்தக்குழாய் அழற்சியைத் தூண்டியது. தொடர்புதான், இன்னும் தீர்ப்பில்லை. மாதக்கணக்கில் கிராம் கிராமாக விழுங்குபவர் மறந்துவிடக் கூடாத தொடர்பு.

கடைக்காரர்களுக்குச் சட்டச் சிக்கலும் வந்துபோனது. என்.எம்.என்.-ஐ மருந்தாக ஆராயத் தொடங்கிவிட்டதால் சத்து மாத்திரையாக விற்கக் கூடாது என்று 2022-ல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை சொன்னது. 2025-ல் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அது விற்பனை உரிமை பற்றிய பேச்சு, பலன் பற்றியதில்லை.

ஒரு நாளைக்கு வளர்ந்தவருக்கு வேண்டியது சுமார் 15 மில்லிகிராம் பி3. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 12 மில்லிகிராம் இருக்கிறது. மீன், கோழி, பருப்பு இருந்தால் கவலையே இல்லை. நம் டிகிரி காப்பியும் கொஞ்சம் தருகிறது: பச்சைக் காப்பிக்கொட்டையில் இருக்கும் டிரைகோனெலின் வறுபடும்போது ஒரு பகுதி நிகோட்டினிக் அமிலமாக மாறிவிடும். இந்த டிரைகோனெலினை முதலில் பிரித்தெடுத்தது வெந்தயத்திலிருந்து. 2024-ல் வெளியான ஆய்வொன்று, முதுமையில் தசை கரைந்தவர்களின் ரத்தத்தில் இது குறைவாக இருப்பதையும், செல்கள் இதைக்கொண்டும் என்.ஏ.டி. செய்துகொள்வதையும் காட்டியது, புழுக்களுக்கு ஆயுளும் கூடியது. உடனே வெந்தயத்தை ஆயுள் மருந்தாக்கி வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டாம். புழுவுக்கு நடந்ததெல்லாம் நமக்கு நடந்திருந்தால் இந்நேரம் யாருமே செத்திருக்க மாட்டோம்.

பி3 மாத்திரை உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் இணையக் கடைக்கு வருபவர்களில்லை. சோறு குறைத்துச் சாராயத்தில் நாள் ஓட்டுபவர், ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்தை நெடுநாள் எடுக்கும் மெலிந்த உடம்புக்காரர், குடல் நோயால் எதுவும் ஒட்டாதவர். புறங்கையும் கழுத்தும் கறுத்துத் தடித்து, வயிறு கெட்டு, பேச்சு தடுமாறி அவர்கள் வார்டுக்கு வரும்போது பார்த்தவுடன் அடையாளம் காணும் மருத்துவர் வேண்டும். தினம் 300 மில்லிகிராம் நிகோட்டினமைடைப் பிரித்துப் பிரித்து மூன்று, நான்கு வாரம் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாக்கின் எரிச்சலும் வயிற்றுப்போக்கும் சில நாளில் அடங்கும், குழப்பம் தெளியும். தோல் ஆற மட்டும் இன்னும் கொஞ்சம் நாளாகும்.